குருதி உறைதலும் கல்சியப் பாலமும்

இலங்கையில் மிகுதியானோரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு, சிங்களத்தில் 'பொலொன் தெலிஸ்ஸா' எனப்படும் சிறு குழிவிரியனாகும். கண்டி மலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிப்போர் இதனை நன்கறிவர். இதன் நஞ்சு சிலரது குருதியை உறையாமற் செய்கிறது, சிறுநீரகத்தையும் தாக்குகிறது. இதனை விளங்கிக்கொள்ளக் குருதி உறையும் களத்தை நோக்குதல் வேண்டும்.

காயம்பட்ட இடத்திலே குருதிச் சிறுதட்டுக்களின் மென்சவ்வு, உட்புறத்தே கிடந்த மறையேற்றமுள்ள பொசுபோலிப்பிட்டை வெளியே திருப்புகின்றது. அங்கு வந்து பிணையவேண்டிய புறொத்துரொம்பின் முதலிய புரதங்களின் பிணைமுனைகளும் மறையேற்றமுடையவையே. ஆகவே அவை நேரே ஒட்டா. கல்சிய அயன்களே இடைநின்று பாலமாகின்றன. அயனைப் பற்றும் அப்பிணைமுனையை விற்றமின் கே யின் துணையுடன் ஈரல் ஆக்குகிறது என்பது 1974 இல் தெளிவாயிற்று. அனெக்சின் ஏ5 எனும் புரதமோ அதே கல்சியத்தைக் கொண்டே சவ்வைப் போர்த்து, உறைதலைத் தடுக்கிறது. ஒரே பிணைப்பு, எதிரெதிர் விளைவுகள்! இயங்கியல் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது.

விரியன் நஞ்சின் நொதியங்கள் இவ்வொழுங்கைக் குலைத்து, உறைதற் புரதங்களை வீணே செலவழித்துவிடுகின்றன. இலங்கை நெடுங்காலமாக நம்பியிருக்கும் இந்திய நச்சுமுறி நாகம், கண்ணாடி விரியன் உள்ளிட்ட நான்கு பாம்புகளின் நஞ்சுக்கே ஆக்கப்பட்டது; குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. ஆதலால் கடியுண்ட தொழிலாளியின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடத்தில் அது உறைகிறதா என்று பார்த்துக் காத்திருக்கவேண்டியுள்ளது.