கூண்டுக்கிளி இறகு பிடுங்குதல்: காரணமும் பரிகாரமும்

ஓட்டப்பிடாரம் தாலுகா எப்போதும்வென்றானைப் போன்ற கரிசல் கிராமங்களில், பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து சிறுவர்கள் கிளிக்குஞ்சை இறக்கி வருவதும், வீட்டார் அதைக் கம்பிக்கூண்டிலிட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதும் நெடுநாளைய பழக்கமாகும். இவ்வாறு வளர்க்கப்படும் கிளி, ஓரிரு வருஷங்களில் தன் மார்பிறகைத் தானே அலகால் பிடுங்கி எறிய ஆரம்பிப்பதுண்டு. வீட்டார் இதைத் திருஷ்டி என்கின்றனர்; அல்லது சூடு என்று சொல்லி வேப்பெண்ணெயைப் பூசுகின்றனர். இரண்டும் பொருந்தாதவை. எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு தேகத்தின் உஷ்ணத்தைக் காக்குந் திறனை இழப்பதோடு, பக்ஷி அதைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது.

முதலாவது அறிய வேண்டியது, இது உண்மையில் பிடுங்குதல்தானா என்பதே. எல்லாப் பக்ஷிகளும் காலத்துக்குக் காலம் பழைய இறகை உதிர்த்துப் புதியதைப் பெறுகின்றன. அவ்வித உதிர்தலில் இறகுகள் முழுமையாகவும் சிறிது சிறிதாகவும் விழும். விழுந்த இடத்தில் குருத்திறகு முளைத்து நிற்கும். தோல் வெறுமையாகத் தெரிவதில்லை. பிடுங்குங் கிளியிடத்திலோ வெறுந்தோலும், கடித்துப் பிளந்த இறகுத் தண்டுகளும், சில சமயம் இரத்தமுங் காணப்படும். தலையைப் பார்ப்பது மற்றொரு எளிய சோதனை. எந்தப் பக்ஷியின் அலகும் தன் தலைக்கு எட்டாது. ஆகையால் மார்பும் தொடையும் மொட்டையாயிருக்கத் தலையிறகு மட்டும் செழிப்பாக இருந்தால், அது தானே பிடுங்குவதென்று துணியலாம். தலையும் மொட்டையானால், உடன் வசிக்கும் வேறொரு கிளி பிடுங்கியிருக்க வேண்டும். அல்லது அது ஒரு வியாதியாயிருக்க வேண்டும்.

அவ்வியாதிகளில் கொடியது அலகையும் இறகையும் தாக்கும் வைரஸ் நோயாகும். புதிதாக முளைக்கும் இறகு குறுகியும் திருகியும் இருப்பதும், அலகு அளவு மீறி வளர்ந்து உடைவதும் அதன் குறிகள். இறகுத் தூளாலும் எச்சத்தாலும் பிற கிளிகளுக்குப் பரவும் இந்நோயைத் தீர்க்க மருந்தில்லை. பேனே காரணமென்று பலர் எண்ணுகின்றனர்; வீட்டில் தனியே வளருங் கிளிக்கு அது அவ்வளவு சாதாரணமன்று. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பேனுக்கென்று கிளியின்மேல் தெளிப்பது அதைக் கொல்வதற்கே சமானம்.

ஆகாரக் குறைவு வெகு சாதாரணமான காரணம். சோறும் நெல்லும் சூரியகாந்தி விதையும் மாத்திரமே தின்னும் கிளிக்கு வைட்டமின் 'ஏ' போதாமையால் தோல் வறண்டு அரிப்பெடுக்கிறது. இதற்குக் கடைச்சரக்கு வேண்டுவதில்லை. முருங்கைக்கீரை, பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பாசிப்பயறு, பால்பிடித்த கம்பங்கதிர் ஆகியவை கரிசல் வீடுகளுக்கு அரியவையல்ல. மிளகாய்ப் பழத்தையும் கொடுக்கலாம். அதன் காரம் பக்ஷிகளுக்கு உறைப்பதில்லை. பூசணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் ஈரலைக் கெடுக்கும். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் எட்டாத இடத்தில் கூண்டு இருக்க வேண்டும்.

ஆயினும் தேகத்தில் யாதொரு குறையுமின்றியே பிடுங்குகிற கிளிகளும் உண்டு. கிளி கூட்டமாக வாழும் ஜந்து. விடியற்காலையில் கூட்டத்தோடு பறந்து, பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலும் கொறிப்பதிலும் ஒன்றையொன்று கோதிவிடுவதிலும் கழித்து, அந்தியில் ஒரே மரத்தில் கூச்சலிட்டு அடைவது அதன் இயற்கை. கூண்டிலோ கிண்ணத்திலுள்ள தீனி சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய பொழுதெல்லாம் அலகுக்கு வேலையில்லை. வேலையற்ற அலகு சொந்த இறகையே கொறிக்கிறது. பண்ணைகளில் நெருக்கி அடைக்கப்பட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

எனவே அலகுக்கு வேலை கொடுப்பதே முக்கிய சிகிச்சை. தானியத்தை மக்காச்சோளக் கதிரின் உறையில் பொதிந்தோ, பனையோலையில் முடிந்தோ கொடுத்தால், அதைப் பிரித்துண்ணவே கிளிக்கு வெகுநேரம் செல்லும். வேப்பங்குச்சி, தேங்காய்ச் சிரட்டை, நுங்குக் கூந்தல் ஆகியவற்றைக் கடிக்கப் போடலாம். அகன்ற மண்சட்டியில் ஆழமில்லாத நீர் வைத்தால் கிளி தானே குளித்துக்கொள்ளும். காற்றில் ஈரமற்ற கோடையில் இது மிகவும் அவசியம். சிறகு விரிக்க இடமுள்ள கூண்டும், இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விளக்கும் ஓசையுமற்ற உறக்கமும் வேண்டும். கிளி பிடுங்கும்போது அதட்டுதல் கூடாது. தனிமையிலிருக்கும் பக்ஷிக்கு அதட்டலும் ஒரு துணையாகி, அப்பழக்கம் வலுப்படும். நெடுங்காலம் பிடுங்கப்பட்ட இறகுக்குழி கெட்டுப்போனால் மறுபடி முளைப்பதில்லையாதலால், முதல் வாரங்களிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம்.

மேற்கூறியவை லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் முதலிய அந்நிய தேசத்துச் சிறு கிளிகளுக்கும் பொருந்தும்; அவற்றை வளர்க்கத் தடையில்லை. நாட்டுப் பச்சைக்கிளியின் விஷயம் வேறு. 1972-ஆம் வருஷத்திய வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்தலும் விற்றலும் வளர்த்தலும் குற்றம். சிறைவாசத்துக்கும் அபராதத்துக்கும் இடமுண்டு. 2022-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அது இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி ஜோசியரிடமிருந்த கிளிகளை வனத்துறையார் கைப்பற்றியது பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி. கிளியைப் பார்க்கக் கூண்டு வேண்டுமென்பதுமில்லை. சென்னை இராயப்பேட்டையில் ஜோசப் சேகர் என்பவர் மொட்டைமாடியில் வைத்த அரிசியை உண்ண ஆயிரக்கணக்கான கிளிகள் தாமே பறந்து வந்தன.

ஏற்கெனவே நாட்டுக்கிளியை வைத்திருப்பவர் பயந்து அதைத் திறந்துவிட்டுவிடக் கூடாது. சிறகிறகு இழந்த கிளியால் பறக்க முடியாது. குஞ்சிலிருந்து கையால் ஊட்டப்பட்டதற்கு இரை தேடவுந் தெரியாது. காகமும் பூனையும் அன்றே அதை முடித்துவிடும். வைரஸ் நோயுள்ள கிளியானால் காட்டுக் கூட்டத்துக்கும் அந்நோயைக் கொண்டுபோகும். வனச்சரக அலுவலகத்திற்குத் தெரிவித்து, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, அது தின்று பழகிய தீனியையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.