கறுப்பு மண்ணில் கரிமம் எவ்வளவு?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மண் வகைகள் பாடத்துக்குப் படம் தேவையில்லை. குருவிகுளம் பக்கம் கரிசல். புளியங்குடி பக்கம் போனால் செம்மண். மாணவர்களே இரண்டையும் கொண்டுவந்துவிடுவார்கள். "இவற்றில் எதில் கரிமம், அதாவது கார்பன் அதிகம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் கரிசலைத்தான் காட்டுவார்கள். காரணம் கேட்டால், "அதுதான் கறுப்பா இருக்கே!" என்பார்கள்.

அறிவியல் முறையைக் கற்பிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. மண் கறுப்பு என்பது உற்றுநோக்கல். கரிமம் அதிகம் என்பது ஊகம். ஊகத்தைச் சோதிக்க வேண்டும். சோதித்தால், பெரும்பாலான கரிசல் வயல்களில் அங்ககக் கரிமம் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். களித்துகள்களோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மட்கே மண் முழுவதையும் கறுப்பாகக் காட்டிவிடுகிறது. நம் வெயிலில் மட்கு விரைவில் சிதைகிறது. பருத்திமாரும் அடுப்புக்குப் போய்விட்டால் மண்ணுக்குத் திரும்புவது குறைவு.

கரிசலில் இன்னொரு வகைக் கரிமமும் உண்டு. அதிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. ஒரு கட்டியைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். வெளியேறுவது கார்பன் டைஆக்சைடு. இதுவும் கரிமம்தான்; ஆனால் இலைதழை மட்கியதால் வந்ததல்ல. மண்ணில் கரிமம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எந்தக் கரிமம் என்று கேட்க வேண்டும் என்பதை மாணவர்கள் இங்கே கண்ணால் காண்பார்கள்.

மட்கிலுள்ள கரிமத்தை அளக்க, 1934இல் வாக்லி, பிளாக் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் மண் ஆய்வகங்களில் பயன்படுகிறது. பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் மண்ணிலுள்ள அங்ககக் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். மீந்த டைகுரோமேட்டைத் தரம்பார்த்தல் மூலம் அளந்து, செலவானதைக் கணக்கிடுவார்கள். இம்முறையில் சராசரியாக 77 விழுக்காடு கரிமமே வினைபுரியும் என்பது தெரிந்ததால், விடையை 1.3ஆல் பெருக்குவது வழக்கம். ஓர் அளவீட்டின் குறையையே அளந்து கணக்கில் சேர்ப்பதும் அறிவியல்தான். அடர் அமிலம் தேவைப்படுவதால் இதை வகுப்பில் செய்ய வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பலாம். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம்.

மாதிரி எடுப்பதில் பிழை நேர்ந்தால் எந்த ஆய்வகமும் அதைத் திருத்த முடியாது. வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலக்க வேண்டும். எருக்குவியல் இருந்த இடத்தையும் மரநிழலையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஏன்? சருகு விழும் இடத்தில் கரிமம் கூடுதலாக இருக்கலாம். இதையே ஆய்வுக் கேள்வியாக்கலாம்: பள்ளி வேம்பின் அடி மண்ணும் வெட்டவெளி மண்ணும் வேறுபடுமா? ஒரு மரத்தடியிலிருந்து ஒரு பிடி மட்டும் போதாது. ஐந்து மரங்கள், ஐந்து வெட்டவெளி இடங்கள், ஒரே ஆழம், ஒரே நாள். மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடே மிகப் பெரிதாக இருந்தால், 'இப்போதைக்கு முடிவு சொல்ல இயலாது' என்று எழுதுவதும் சரியான விடையே. அதற்கும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

அடுத்தது காலம். மண் கரிமம் ஓராண்டில் மாறும் அளவு, மாதிரிக்கு மாதிரி காணப்படும் வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் சிறியது. அதனால்தான் நீண்டகால ஆய்வுகள் தேவைப்படுகின்றன. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையில், தொழுவுரம் இடும் பாத்தியையும் எதுவும் இடாத பாத்தியையும் ஒப்பிட முடிகிறது. காட்டுக்கும் இத்தகைய ஆய்வு உண்டு. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகம் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பை அமைத்தது. அங்கே 1 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. பட்டவை, புதியவை ஆண்டுதோறும் பதிவாகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மரங்களின் பருமன் அளக்கப்படுகிறது. காட்டு மரங்களில் கரிமம் கூடுகிறதா குறைகிறதா என்பதை இத்தகைய பதிவுகளே சொல்லும்.

உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் அங்ககக் கரிமம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ள கரிமத்தைக் கூட்டினாலும் இதை எட்டாது. அதனால் மண்ணில் ஏற்படும் சிறு மாற்றமும் காலநிலைக்குப் பெரியது.

நம் பள்ளியிலும் தொடங்கலாம். மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம், ஆழம், நாள், ஆய்வக முடிவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு எடுத்த அதே இடங்களில், அதே மாதத்தில், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பு எடுக்கட்டும். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் பதிவேடு பள்ளியிலேயே இருக்கட்டும்.