எண்ணெய் குடித்த மண்

உங்கள் அடுப்பங்கரையில் இருக்கும் பாமாயிலைச் சற்றே உற்றுப் பாருங்கள். இளமஞ்சள் நிறத்தில், அடியில் இருப்பது தெரியுமளவுக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் எண்ணெய்ப் பனையின் பழச் சதையிலிருந்து பிழிந்தெடுக்கும்போது அந்த எண்ணெய் இவ்வாறு இருப்பதில்லை. குங்குமப்பூவைக் கரைத்தாற் போன்ற ஆழ்ந்த செந்நிறத்தில் இருக்கும். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் என்னும் பொருளே இதற்கும் நிறம் தருகிறது. அந்தச் செந்நிறம் எங்கே போயிற்று? ஒரு பகுதி உயர்வெப்பத்தில் அழிந்தது. மற்றொரு பகுதி மண்ணுக்குள் போயிற்று.

ஆம், சமையல் எண்ணெயைத் தூய்மை செய்ய மண் பயன்படுகிறது. அந்த மண் பின்னர் என்னவாகிறது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணின் ஆற்றல்

முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியை நம் பெண்மணிகள் நன்கு அறிவர். சருமத்தின் எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த களிமண்ணைக் கொண்டுதான் முற்காலத்தில் இங்கிலாந்தின் கம்பளி நெசவாளர்கள் ஆட்டு ரோமத்தின் கொழுப்பைப் போக்கினர். இன்று எண்ணெய் ஆலைகள் பெரும்பாலும் பென்டோனைட் என்னும் களிமண்ணை அமிலத்தால் பதப்படுத்திப் பயன்படுத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த மண் இது. இதில் ஒரு கிராமின் உட்பரப்பை மட்டும் விரித்துப் பார்க்க முடிந்தால், அது 2,000 சதுர அடி வீட்டின் தரைக்கு ஈடாக இருக்கும்!

ஆலையில் எண்ணெயைச் சுமார் 100 டிகிரி வெப்பத்துக்குச் சூடேற்றி, காற்றகற்றிய கலத்தில் இம்மண்ணைக் கலந்து அரைமணி நேரம்போல் கலக்குகிறார்கள். நிறப்பொருள்கள், உலோகத் துகள்கள், எண்ணெயைச் சிக்கடிக்கச் செய்யும் பொருள்கள் ஆகியவை மண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எண்ணெயை வடிகட்டி விடுகிறார்கள். 100 டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1 டன் மண் தேவைப்படும். தவிட்டெண்ணெய் போன்ற கருத்த எண்ணெய்களுக்கு இன்னும் அதிகம் தேவை.

வடிகட்டியில் தங்கும் மண் அழுக்கை மட்டும் தாங்கி வருவதில்லை. நல்ல எண்ணெயையும் குடித்துவிடுகிறது. ஒரு டன் கழிவு மண்ணில் 200 முதல் 300 கிலோ வரை எண்ணெய் இருக்கக்கூடும். இந்த எண்ணெய்தான் அந்த மண்ணின் ஆபத்து. அதுவே அதன் மதிப்பும் ஆகும்.

தானே எரியும் குவியல்

ஆபத்தை முதலில் பார்ப்போம். எண்ணெய் மண் துகள்களின்மீது மிக மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதனுடன் வினைபுரியும்போது வெப்பம் பிறக்கிறது. திறந்த வெளியில் மெல்லிதாகப் பரப்பியிருந்தால் அவ்வெப்பம் கலைந்துபோகும். குவித்து வைத்தாலோ வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. வெப்பம் கூடக்கூட வினையின் வேகமும் கூடுகிறது. முடிவில் தீக்குச்சி ஏதும் உரசாமலேயே குவியல் புகைந்து எரியத் தொடங்குகிறது! ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியலாகாது என்று மரவேலை செய்வோர் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களைக் குடித்த மண், பாமாயிலைக் குடித்த மண்ணைவிட விரைவில் சூடேறும்.

எனவே இதை அப்படியே லாரியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்டுவது, ஏற்றுபவருக்கும் ஓட்டுபவருக்கும் மேட்டருகே குடியிருப்பவருக்கும் இழைக்கும் தீங்காகும். எண்ணெய் வழிந்து நீர்நிலைகளைக் கெடுப்பது மற்றொரு தீங்கு.

முதலில் எண்ணெய், பிறகு மண்

சரி, வழி என்ன? முதற்படி ஆலைக்குள்ளேயே இருக்கிறது. வடிகட்டியைத் திறக்குமுன் நீராவியைச் செலுத்தினால் எண்ணெயில் ஒரு பங்கு வெளியேறிவிடும். எஞ்சியதை, பிண்ணாக்கிலிருந்து எண்ணெய் எடுக்கப் பயன்படும் அதே ஹெக்சேன் கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். இந்த எண்ணெய் பயோடீசலுக்கும் சோப்புக்கும் ஏற்றது.

எண்ணெய் நீங்கிய மண்ணுக்கும் வேலை உண்டு. சிமெண்டுக்குத் தேவையான சிலிக்காவும் அலுமினாவும் களிமண்ணில் உள்ளன. ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பம் நிலவும் சூளையில், மண் சிமெண்டோடு கலக்கும்; மிச்சமிருக்கும் சிறிதளவு எண்ணெயும் எரிபொருளாகிவிடும். செங்கல் மண்ணிலும் அளவோடு கலக்கலாம். அளவு மீறினால் துளைகள் மிகுந்து கல்லின் உறுதி குறையும். சாணம், கோழி எரு முதலியவற்றோடு மக்கவைத்து உரமாக்கும் முறையும் உண்டு.

ஆனால் எல்லாக் கழிவு மண்ணும் ஒன்றல்ல. வனஸ்பதி தயாரிப்பில் நிக்கல் என்னும் உலோகம் பயன்படுகிறது. அங்கிருந்து வரும் மண்ணில் அது கலந்திருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் வயலில் இடுவது தவறு.

உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேஷியாவும் மலேஷியாவும் உற்பத்தி செய்கின்றன. இந்தோனேஷிய அரசு 2014-ஆம் ஆண்டின் ஆணையில் இம்மண்ணை அபாயகரமான கழிவாகப் பட்டியலிட்டிருந்தது. 2021-ஆம் ஆண்டில் விதியை மாற்றி, எண்ணெய் 3 விழுக்காட்டுக்கு மேற்படாத மண்ணை அப்பட்டியலிலிருந்து விலக்கியது. எண்ணெயை எடுத்துவிட்டால் அதே மண் அபாயப் பொருள் என்ற நிலையிலிருந்து கட்டுமானப் பொருளாகிவிடுகிறது.

நமக்கென்ன?

இறக்குமதியாகும் கச்சா பாமாயில் நம் நாட்டுத் துறைமுகங்களை ஒட்டிய ஆலைகளிலும் சுத்திகரிக்கப்படுகிறது. எனவே இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று.

கழிவு மண்ணிலிருந்து மீட்ட எண்ணெய் கெட்டுப்போன எண்ணெய். அது மீண்டும் அடுப்பங்கரைக்கு வரவே கூடாது. நோன்புக் காலத்தில் சமோசாவும் வடையும் பொரிக்க எண்ணெய் அதிகம் வாங்குவோம். அப்போது பெயரும் முகவரியும் இல்லாத மலிவு எண்ணெயை நாடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. மீட்ட எண்ணெயை உணவென்று விற்பவன் வீண் விரயத்தைத் தடுத்தவன் அல்லன், மோசடி செய்தவன்.

இன்னொன்று. எண்ணெய் எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுகிறோம். மண் சேர்ப்பது நிறத்துக்காக மட்டுமன்று என்பது உண்மையே. ஆயினும் இன்னும் வெளுப்பு வேண்டுமென்றால் இன்னும் மண் வேண்டும்; அது குடிக்கும் எண்ணெயும் கூடும். சிறிது நிறமுள்ள எண்ணெயைக் குறையுடையதென ஒதுக்காதிருப்பது நம்மால் இயன்ற செயல்.

உங்கள் ஊரருகே எண்ணெய் ஆலை இருந்தால், "இந்த மண் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். செங்கற் சூளைக்கோ சிமெண்டு ஆலைக்கோ போகிறது என்றால் மகிழுங்கள். ஏரிக்கரைக்குப் போகிறது என்றால் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனுக் கொடுங்கள்.