சாட்சி சொல்லும் சாலை

விபத்துக்கு யார் காரணம் என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் இழந்தவர்கள் தலையில்தான். ஆனால் சட்டம் கேட்கும் ஆதாரம் அவர்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

1960 டிசம்பர் 18. நாக்பூரிலிருந்து பாண்டுர்ணா நோக்கிப் போய்க்கொண்டிருந்த கார் சாலையை விட்டு விலகி ஒரு மரத்தில் மோதியது. காரில் பயணம் செய்த ஒருவர் இறந்தார். மனைவியும் குழந்தைகளும் இழப்பீடு கேட்டபோது எழுந்த முதல் கேள்வி: ஓட்டியவர் மீது தவறு என்பதற்கு என்ன ஆதாரம்?

குடும்பத்துக்குக் கிடைத்த முக்கிய சாட்சி இறந்தவரின் தம்பி. அவரும் மோதியதைப் பார்த்தவரல்ல. செய்தி கேட்டு ஓடி வந்தவர். ஆனால் வந்த இடத்தில் கண்ணில் பட்டதைக் கவனமாக மனதில் வாங்கிக்கொண்டார். சாலை 15 அடி அகலம். வளைவு இல்லாத நேர்ச்சாலை. மரம் நின்றது சாலையின் வலது விளிம்பிலிருந்து 4 அடி தள்ளி. மோதிய வேகத்தில் மரமே பெயர்ந்திருந்தது. காரின் முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது.

இடது பக்கம் போக வேண்டிய கார் வலது பக்க மரத்துக்கு எப்படிப் போனது? ‘நடந்ததே பேசும்’ என்பது பழைய சட்டக் கோட்பாடு. கவனமாக ஓட்டினால் இப்படி நடக்காது என்று காட்சியே சொல்லும்போது, தவறில்லை என்று விளக்க வேண்டியவர் எதிர்த்தரப்பினர். உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அது வந்த ஆண்டு 1977.

மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டின் சாலைகளில் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். அநேகமாக ஒவ்வொரு விபத்துக்கும் பின்னால் அதே கேள்வி நிற்கிறது.

ஐந்து லட்சமா, முப்பத்தெட்டு லட்சமா?

தவறை நிரூபிக்காமலே இழப்பீடு பெற வழி உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் தருகிறது. யார் தவறு என்று அது கேட்பதில்லை.

166ஆம் பிரிவு வேறு. அங்கே எதிர் வாகன ஓட்டுநரின் தவறைக் காட்ட வேண்டும். காட்டினால் இழப்பு முழுவதையும் கேட்கலாம். வித்தியாசம் எவ்வளவு? 30 வயதில் மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த ஒரு சுயதொழில்காரர் மனைவியையும் ஒரு குழந்தையையும் விட்டுவிட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 17ஆல் பெருக்கினால் 38 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்.

இறந்தவர் மீதும் பாதித் தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் தொகையும் பாதியாகும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வக்கீல்கள் இந்தப் புள்ளியில் மல்லுக்கட்டுவது சும்மா அல்ல.

சந்தேகத்துக்கு இடமின்றி?

‘யாரும் பார்க்கவில்லை, கேஸ் நிற்காது’ என்று சொல்லியே பல குடும்பங்களைச் சொற்பத் தொகைக்குச் சம்மதிக்க வைக்கிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது கிரிமினல் வழக்கில்தான். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். ஹிமாசலப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. பின்னர் பல வழக்குகளில் திரும்பவும் சொன்னது.

ஓட்டுநர் கிரிமினல் வழக்கில் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு சாய்ந்துவிடாது. தமிழ்நாட்டில், தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் பட்டு உயிர் போன வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். ஆனாலும் இழப்பீடு தர வேண்டும் என்று 1980இல் தீர்ப்பளித்தார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். நுணுக்கமான ஓட்டைகளைக் காரணம் காட்டி ஏழைகளைக் கைவிடாதீர்கள் என்று தீர்ப்பாயங்களுக்கு அறிவுறுத்தவும் செய்தார்.

மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்களா? அது விதிமீறல். ஆனால் அதுவே விபத்துக்குக் காரணமாகிவிடாது. பின்னால் வந்த கார் மோதிய ஒரு டில்லி வழக்கில், இதைக் காட்டி உயர் நீதிமன்றம் 10 சதவீதம் குறைத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த வெட்டை நீக்கியது. லைசென்ஸ் இல்லாததும் அப்படித்தான்: அபராதத்துக்குரிய குற்றம், ஆனால் அது மட்டுமே அஜாக்கிரதைக்கு ஆதாரம் அல்ல.

சாலை எப்போதும் பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமாகவே பேசும் என்பதும் இல்லை. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட்டது என்று சொன்ன ஒரு மாருதி காரின் தரப்பு 2018இல் தோற்றது. லாரிக்கும் காருக்கும் இடையே இருந்தது 10, 15 அடிதான். போதிய இடைவெளி விடாதது பின்னால் வந்தவரின் தவறு என்றது உச்ச நீதிமன்றம்.

முதல் சில மணி நேரம்

ஆக, வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் சாலையில் கிடைக்கும் தடயங்களால்தான். அவையோ சீக்கிரம் மறைந்துவிடும். முதலில் காயம்பட்டவருக்குச் சிகிச்சை. அதற்குப் பிறகு குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவர் செய்ய வேண்டியவை உண்டு.

வாகனங்களை நகர்த்துவதற்கு முன் படம் எடுப்பது முக்கியம். நசுங்கிய பாகத்தை மட்டும் எடுத்தால் போதாது. சாலையின் இரு விளிம்புகளும், பிரேக் தடமும், கண்ணாடித் தூளும் தெரிய வேண்டும். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க் கேமராப் பதிவைப் போலீஸ் கைப்பற்ற வேண்டும் என்று உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். பல கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். விபத்தில் உதவ வந்தவர்களுக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்று அவர்களிடம் சொல்லலாம்.

அடுத்தது காகிதங்கள்: முதல் தகவல் அறிக்கை, மகஜர், சம்பவ இட வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை, குற்றப்பத்திரிகை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தேய்ந்துபோன போலீஸ் வாசகத்தைவிட, வரைபடத்தில் வாகனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு மதிப்பு அதிகம். தவறாக எழுதியிருந்தால் மேலதிகாரிக்கு அன்றே எழுத்தில் புகார் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் எடுபடுவது கடினம்.

போலீசுக்கும் கெடு உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 90 நாட்களில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. போனதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நமக்கும் ஒரு கெடு: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். இது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

வெளி மாநிலத்தில் விபத்து நடந்தால் அங்கேயே அலைய வேண்டும் என்பதும் இல்லை. மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மராத்தியிலோ ஹிந்தியிலோ எழுதிய எப்.ஐ.ஆரை மட்டும் உடனே மொழிபெயர்த்துப் படித்துவிட வேண்டும். அதில் யார் எந்தப் பக்கம் வந்தார் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

பாண்டுர்ணா சாலையில் அந்தத் தம்பியிடம் கேமரா இருந்ததாகத் தீர்ப்பில் இல்லை. மரம் எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி என்று அவர் கவனித்திருந்தார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த 4 அடிதான் வழக்கைத் தாங்கி நின்றது.