இலக்கும் துவக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களிலே, பன்றியையும் யானையையும் விரட்டும் காவற்கருவியாகவே உழவர் துவக்கை அறிவர். 2009இல் முடிந்த போரோ அதனை அச்சத்தின் சின்னமாக்கிற்று. ஆயினும், எவ்வுயிரையும் குறிவையாத மூன்றாவது பயனொன்று உண்டு. அதுவே இலக்குச் சுடுதல்.

இதனைப் பொழுதுபோக்காகக் கொள்வோர் பெருஞ்செல்வராதல் வேண்டா. காற்றுத் துவக்கொன்றும், 5.6 மில்லிமீற்றர் வாயளவுள்ள சிறு துவக்கொன்றும் போதும். பின்னதில் மருந்து சிறிதாதலின் செலவும் குறைவு. தோளில் உதைப்பும் குறைவு. காற்றுத் துவக்குப் போட்டியிலே, 10 மீற்றருக்கு அப்பாலுள்ள நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீற்றரே. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணப் போட்டியிற் பொற்பதக்கம் வென்றது இவ்வகையிலேயே.

மூச்சை நிறுத்தி, விரல் பதறாது விசையை அழுத்துவதே இதன் வித்தை. துவக்கு வைத்திருக்க 1916ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கேட்கிறது. இக்கலையோ அடக்கம் கேட்கிறது. இரண்டும் உடையவர் கையிலேதான் துவக்கு விளையாட்டுக் கருவியாகத் தகும்.