படகின் மீட்டர் பொய் சொன்னால்...?

ஆண்டாப் ஹில்லில் குடியிருப்பவர்களுக்குக் கடல் தெரியாது. ஆனால் கடல் காற்று தெரியும். பழைய உப்பள நிலங்கள் பக்கத்தில். அதற்கு அப்பால் சிவ்ரி சேற்றுக்கரை. ஊரில் இருந்து கொண்டு வந்த பித்தளைக் குத்துவிளக்கு இங்கே சீக்கிரம் மங்கிவிடுகிறது. மழைக்காலம் முடிவதற்குள் ஸ்கூட்டர் சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. கரையில் இருக்கும் பொருளுக்கே இந்தக் கதி என்றால், நாள் முழுவதும் உப்புத் தண்ணீர் தெறிக்கும் மோட்டார் படகின் மீட்டர் பலகை என்ன ஆகும்?

அந்தப் பலகையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆயில் அழுத்தத்துக்கு ஒரு மீட்டர், என்ஜின் சூட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று, என்ஜின் வேகத்துக்கு ஒன்று. நாலைந்து சுவிட்சுகள். பக்கத்தில் வேகத்துக்கும் கியருக்கும் லீவர். இவை கெட்டுப் போனால் படகு உடனே நின்றுவிடாது. ஓடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆயில் இல்லாமல் என்ஜின் காய்ந்து கொண்டிருக்கும்போது மீட்டர் முள் "எல்லாம் சுகம்" என்று காட்டிக் கொண்டிருக்கும்.

லாரி என்றால் ரோட்டோரம் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைத் தேடலாம். கடலில் நின்றுபோன படகு காற்று தள்ளும் திசையில் போகும். ராமேசுவரம் பக்கத்தில் என்ஜின் பழுதாகி, எல்லைக்கு அப்பால் அடித்துச் செல்லப்பட்டு, இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சிறைக்குப் போன மீனவர்கள் உண்டு.

நாலு ஸ்டேஷன் தள்ளி...

ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் ரெயில் ஏறினால் வடாலா ரோடு, சிவ்ரி, காட்டன் கிரீன் தாண்டி நாலாவதாக வருவது ரே ரோடு. அதன் கிழக்கே கடலோரம் தாரூக்கானா. பெயரைக் கேட்டதும் சாராயக்கடை என்று நினைத்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் "தாரூ" வெடிமருந்து. ஆங்கிலத்தில் இந்த இடத்துக்குப் பவுடர் ஒர்க்ஸ் பந்தர் என்றே பெயர்.

கப்பல் உடைப்பதற்குப் பெயர் போன கரை இது. 1971 போரில் வங்கக் கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல், பழைய விக்ராந்த், 1997-ல் ஓய்வு பெற்று, 2014-ல் இங்கேதான் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தைக் கலந்து 2016-ல் பஜாஜ் கம்பெனி ஒரு மோட்டார் சைக்கிள் விட்டது பலருக்கு நினைவிருக்கும். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983-ல் கப்பல் உடைக்கத் தொடங்கிய பிறகு பெரிய கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனாலும் பழைய கப்பல் சாமான் என்றால் மும்பைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தாரூக்கானாவும் சோர் பஜாரும்தான்.

ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் மைத்துனருக்கோ சித்தப்பாவுக்கோ ஒரு மீட்டர் வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். கப்பலில் இருந்து எடுத்தது என்று சொல்லி விற்கும் பித்தளைச் சாமான்களில், ரூர்க்கி பக்கத்தில் அலங்காரத்துக்கென்றே செய்தவையும் கலந்து கிடக்கும். தகதகவென்று மின்னும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஓட்டல் வரவேற்பறைக்கு அது போதும். கடலுக்குப் போகிற படகுக்கு அழுக்காக இருந்தாலும் அசல் வேண்டும்.

ரேடியம் - உஷார்!

பழைய மீட்டரைக் கையில் எடுத்ததும் திறந்து பார்க்க ஆசை வரும். அதற்கு முன் எண்களையும் முள்ளையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும், அதற்குப் பிறகு 1960-கள் வரையிலும் வந்த சில மீட்டர்களில், இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயிண்டு பூசியிருப்பார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் ஒட்டும் "ரேடியம்" ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது; அது வெறும் பேச்சு வழக்கு. பழைய மீட்டரில் இருப்பது நிஜ ரேடியம்.

ஒளி மங்கிவிட்டதே, விஷமும் போயிருக்கும் என்று எண்ணுவது தவறு. மங்கியது பெயிண்டில் உள்ள ஒளிரும் மருந்துதான். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். பழுப்பேறித் தடிப்பாக இருக்கும் அந்தப் பெயிண்டைச் சுரண்டினால் தூள் மூச்சில் போகும். அமெரிக்காவில் 1920-களில் கடிகார முகப்புக்கு இந்தப் பெயிண்டைப் பூசிய பெண்கள் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். குழந்தை குட்டிகளோடு ஒரே அறையில் வாழ்கிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து சுரண்டுகிற வேலை இது அல்ல. சந்தேகம் வந்தால் திறக்காமல் பையில் கட்டித் தனியே வைத்துவிட வேண்டும். யோசனை கேட்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், செம்பூரைத் தாண்டி அணுசக்தி நகரிலேயே இருக்கிறது.

புளியும் வெந்நீரும்

ரேடியம் இல்லை என்று ஆன பிறகு வேலையைத் தொடங்கலாம். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி, பலகையின் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக் கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் கழற்றியவர் பிறகு படும் பாடு சொல்லி முடியாது.

மீட்டரின் வெளி வளையம் பித்தளை என்றால் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற புளியே போதும். ஆனால் வளையத்தைத் தனியே கழற்றித் தேய்த்து, கழுவி, காய வைத்துத்தான் மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் முகப்பில் கை வைக்கக் கூடாது. அதில் அச்சிட்ட எண்கள் ஸ்பிரிட் பட்டால் கரைந்து போகும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக் கொள்வது நல்லது. மங்கிய எண் ஒரு குறை அல்ல. தவறான முள்தான் குறை.

முக்கியமானது ஆயில் மீட்டர். பழைய ஆயில் மீட்டர்களுக்குள் இருப்பது வளைந்த ஒரு தட்டைக் குழாய். பாரிஸ் நகரத்து யூஜின் பூர்தோன் என்பவர் 1849-ல் உரிமம் வாங்கிய யுக்தி இது. ஆயில் உள்ளே அழுத்தினால் குழாய் கொஞ்சம் நிமிரும். அந்த அசைவைச் சின்னப் பல் சக்கரம் முள்ளுக்குக் கொடுக்கும். கண்காட்சியில் விற்கும் காகித ஊதல், ஊதினால் சுருள் நிமிருமே, அதே தத்துவம். கரண்டு வேண்டாம் என்பதால் பேட்டரி செத்தாலும் இது வேலை செய்யும். இத்தனை நல்ல பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எலெக்ட்ரிக் மீட்டர் மாட்டுவது பல இடங்களில் வீண் செலவு.

இதைச் சோதிக்க, நம்பகமான இன்னொரு மீட்டரை ஒரே குழாயில் கிளை வைத்து மாட்டி, இரண்டு முள்ளும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது முள் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் அந்த மீட்டரை நம்பக் கூடாது. என்ஜினில் இருந்து மீட்டருக்கு வரும் செப்புக் குழாயையும் மறக்கக் கூடாது. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து செம்பு விறைத்துப் போகும். ஒரு நாள் விரிசல் விட்டு, சூடான ஆயில் ஓட்டுபவர் மேலேயே பீய்ச்சும். விறைத்த செம்பைத் தணலில் சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும். பாத்திரப் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது பால பாடம்.

சூடு காட்டும் மீட்டருக்கு வெந்நீர்ப் பரீட்சை. மும்பை கடல் மட்டத்து ஊர். இங்கே கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடு. மீட்டரின் குமிழைக் கொதிநீரில் முக்கினால் முள் 100-ஐத் தொட வேண்டும். பாரன்ஹீட் மீட்டர் என்றால் 212. மெல்லிய குழாயோடு சேர்ந்தே வரும் பழைய வகையில் அந்தக் குழாய் முறிந்தால் உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகிவிடும். பிறகு சும்மா பற்ற வைத்துப் பயன் இல்லை.

டீசல் மீட்டரில் வேறு ஒரு வம்பு உண்டு. டாங்கிக்குள் மிதவையோடு இருக்கும் கருவியும் பலகையில் இருக்கும் மீட்டரும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். அமெரிக்க வகைக் கருவி டாங்கி காலியானால் 240 ஓம், நிறைந்தால் சுமார் 33 ஓம். ஐரோப்பிய வகை தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்றின் மீட்டருக்கு மற்றதன் கருவியை மாட்டினால், காலி டாங்கியைப் பார்த்து முள் நிறைந்தது என்று சொல்லும். பழைய கடையில் மீட்டரை மட்டும் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. மாட்டிய பிறகு ஒரு மரக் குச்சியை டாங்கியில் விட்டு ஒத்துப் பார்த்துவிட்டால் சண்டையே இல்லை.

வீட்டு சுவிட்சு படகுக்கு ஆகுமா?

ஆகாது. ஒயர்மேன் வேலை பார்ப்பவர்களில் கூடச் சிலர் செய்யும் தவறு இது. வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கிறது. அதே 60 வாட் படகின் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதோடு, வீட்டுக் கரண்டு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் பொறி தானே அணையும். பேட்டரிக் கரண்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. பொறி நின்று எரிந்து முனையைத் தின்றுவிடும்.

பழைய பேக்லைட் சுவிட்சுகள் பலவற்றைத் திறந்து சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். முனைகள் வெள்ளி பூசியவையாக இருக்கலாம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. துணியும் சுத்தம் செய்யும் திரவமும் போதும். பெட்ரோல் என்ஜின் படகு என்றால், என்ஜின் அறையில் பொறி வெளியே வராத தனி ரக சுவிட்சு தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. ஆவி தேங்கி இருந்தால் ஒரு பொறி போதும்.

ஒயரிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வீட்டு வேலைக்கான ஒற்றைக் கம்பி அதிர்ச்சியில் முறியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எதற்கோ, அதற்காகவே படகு ஒயரின் செப்பு இழைகளுக்கும் வெள்ளீயம் பூசுகிறார்கள். களிம்பு ஏறாது. ஒரு விளக்கைப் போட்டதும் எல்லா மீட்டர் முள்ளும் சேர்ந்து ஆடினால் மீட்டர்களைக் குறை சொல்ல வேண்டாம். பொது எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் நல்ல மீட்டர்களைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

பழைய ஆம்பியர் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. படகின் மொத்தக் கரண்டும் அதன் வழியே ஓடுகிறது. பின்னால் ஒரு நட்டு தளர்ந்தால் அந்த இடம் கனன்று தீப்பிடிக்கும். அழகுக்காக அதை இடத்தில் விட்டுவிட்டு, இணைப்பை எடுத்து, வோல்ட் மீட்டர் மாட்டிக் கொள்வது புத்திசாலித்தனம். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும், சார்ஜ் ஏறும்போது 14-ஐ ஒட்டி நிற்கும்.

லீவர் சொன்னபடி கேட்குமா?

2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கேட்வேயில் இருந்து எலிபெண்டாவுக்குப் போன "நீல் கமல்" பயணிகள் படகின் மீது, என்ஜின் பரிசோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு மோதியது. 15 பேர் மாண்டனர். என்ஜின் கோளாறால் படகு கட்டுப்பாட்டை இழந்தது என்று கடற்படை அறிவித்தது. ஓடும் படகு கைக்கு அடங்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பழைய படகில் வேக லீவருக்கும் கியர் லீவருக்கும் போகும் கேபிள் உள்ளே துருப்பிடித்துப் புடைத்திருந்தால் எண்ணெய் விட்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. புதுசு மாட்ட வேண்டும். லீவரின் பழைய பித்தளைப் பிடியை வைத்துக் கொள்ளலாம், கேபிளை அல்ல. பழைய டீசல் என்ஜின்கள் பெரும்பாலும் சாவியைத் திருப்பினால் நிற்பவை அல்ல. அவற்றை நிறுத்தத் தனிக் கம்பி இருக்கும். அது எளிதாக இழுபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேரளத்துப் பழைய பயணிகள் படகுகளில் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு ஒரு பக்கம், என்ஜினைக் கவனிக்கும் டிரைவர் ஒரு பக்கம். ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணி அடிப்பார். அடிகளின் கணக்கை வைத்து டிரைவர் என்ஜினை ஓட்டுவார், நிறுத்துவார். பெரிய கப்பலில் இதே வேலையைச் செய்தது பித்தளை டெலிகிராப். கேப்டன் முள்ளைத் திருப்பினால், என்ஜின் அறையில் இருப்பவரும் தன் முள்ளைத் திருப்பிப் பதில் சொல்ல வேண்டும். உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்துக்கே இடம் இல்லை. ஆள் இருந்த இடத்தில் இப்போது கேபிள் இருக்கிறது. கேபிள் பதில் சொல்லாது.

மகாராஷ்டிரத்தில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும், தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீட்டர் பலகையைக் கழற்றி மாட்ட அதுதான் தோதான காலம். மாட்டி முடித்ததும் படகைக் கரையில் கட்டியபடியே என்ஜினை ஓட விட்டு, முன்னும் பின்னும் கியர் போட்டு, நிறுத்தும் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் பயணம் பகலில், மற்ற படகுகள் இல்லாத இடத்தில். ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் ஒரு நோட்டில் அரை மணிக்கு ஒரு தடவை ஆயில், சூடு, வோல்ட் மூன்றையும் எழுதி வர வேண்டும். அடுத்த வருஷம் எந்த முள் எங்கே நிற்கிறது என்று ஒத்துப் பார்க்க அந்த நோட்டு படகிலேயே இருக்கட்டும், பிளாஸ்டிக் உறைக்குள்.