ஈற்றுத் தடையின் காவல்

கட்டடம் பெருகுங்கால், தீயறிவிப்புப் பெட்டி காக்கும் வலயங்கள் போதாமற் போதல் இயல்பு. அப்போது புதிய வலயங்களை ஏற்கும் விரிவாக்க அட்டையொன்றைப் பெட்டியினுட் பொருத்துவர்.

முதற்கண் பிரதான மின்னையும் காப்பு மின்கலங்களையும் துண்டித்தல் வேண்டும். புவித்தொடுப்புள்ள உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே அட்டையைக் கையிலெடுக்கலாம். அதனைத் தாய்ப்பலகையில் இணைத்து, நேர், எதிர் முனைகள் மாறாது கம்பிகளைப் பூட்டுக.

வழக்கமான வலய முறையிலே, கம்பியானது கிளை பிரியாது ஒவ்வொரு புகையுணரியாகச் சென்று, கடைசி உணரியில், உற்பத்தியாளர் குறித்த பெறுமானமுள்ள ஈற்றுத் தடையுடன் முடியும். அத்தடை வழியே சிறு மின்னோட்டம் இடையறாது ஓடும். கம்பி அறுந்தால் ஓட்டம் நிற்கும். பெட்டி பழுதென அறிவிக்கும். புகை கண்ட உணரியோ ஓட்டத்தை மிகுவிக்கும், மணி ஒலிக்கும்.

வேலையை எளிதாக்க எண்ணி அத்தடையைப் பெட்டியினுள்ளேயே பூட்டுவாரும் உளர். அங்ஙனமாயின், மாணவர் விடுதிக்குச் செல்லுங் கம்பி அறுந்தாலும் பெட்டி நலமென்றே காட்டும். மாணவரும் உறங்குவர், மணியும் உறங்கும்.

ஆதலின், மின்னை மீளக் கொடுத்தபின் ஒவ்வொரு வலயத்திலும் உணரியொன்றைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பெட்டி பழுதெனக் கூறினாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளற்க. பின்னர்ச் சோதனைப் புகையால் மணியையும் ஒலிப்பித்துத் தெளிக.